இந்நூலின் பயன்

பாட்டுக் கேட்க வந்தவரை முதலில் விரட்டியவள் அத்தாயிதான்.

"ஏனுங்க, உங்க சீமைல பாட்டுக்குப் பஞ்சமா? எழவு உழுந்த ஊட்டுல வந்து ஒப்பாரி பாடுங்கறீங்க. வந்த வழி தெரியுமல்லோ? அப்படியே திரும்பி நடங்க."

வந்தவர் நடக்கவில்லை. செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றி விட்டுவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். முப்பது வயது இருக்கும். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, தோளில் ஒரு தோல் பை. சேலத்தில் ஒரு காலேஜில் தமிழ் சொல்லிக் கொடுப்பதாகவும், பெயர் வெங்கடாசலம் என்றும், சொந்த ஊர் ஓமலூர்ப் பக்கம் என்றும் சொன்னார்.

"நான் ஆராய்ச்சி பண்றேனுங்க."

"ஆரு ஆச்சி? எந்த ஊரு ஆச்சி?"

"ஆச்சி இல்லீங்க, ஆராய்ச்சி. ஊரூராப் போயி ஒப்பாரிப் பாட்டையெல்லாம் எழுதிக்கறேன். இந்த ஊட்டு அம்மா பாடினாங்கன்னா கல்லும் கரையும்னு திருச்செங்கோட்டுச் சந்தையில சொன்னாங்க."

அத்தாயி பக்கத்து வீட்டுக்காரி, உறவில் சென்னியம்மாளுக்கு அத்தை முறை. சென்னியம்மாளின் புருசன் ராசப்பன் செத்த நாளிலிருந்து காலையில் வந்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் தன் வீட்டுக்குப் போவாள். வருகிறவர்களை எடை போட்டு உள்ளே விடுவதும் திருப்பி அனுப்புவதும் அவள் பொறுப்பு. இந்த ஆளை எந்தத் தராசில் வைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து சென்னியம்மாள்தான் கேட்டாள். "எழுதி என்ன பண்ணுவீங்க?"

"வெச்சிருப்பேனுங்க."

"வெச்சிருந்து?"

"படிப்பேன். ஒரு ஊருப் பாட்டுக்கும் இன்னொரு ஊருப் பாட்டுக்கும் என்ன வித்தியாசம்னு பார்ப்பேன்."

"பார்த்து?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்ல யோசித்ததாகத் தெரியவில்லை. "ஒண்ணும் ஆகாதுங்க. இதனால ஆருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. தெரிஞ்சுக்கணும்னு ஆசை, அவ்வளவுதான்."

நான்கு மாதத்துக்குப் பிறகு சென்னியம்மாள் சிரித்தது அன்றைக்குத்தான். சத்தம் வராத சிரிப்பு. அத்தாயி மட்டும் பார்த்தாள்.

அந்த நான்கு மாதத்தில் அந்த வீட்டு வாசலை மிதித்த ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் இருந்தது. மேச்சேரி ஆட்டு வியாபாரி துக்கம் விசாரித்த கையோடு பட்டியை எட்டிப் பார்த்து, கிடாயை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள் என்றான். அவளுடைய அண்ணன் சின்னுசாமி, குழந்தை பொன்னாயியையும் கூட்டிக்கொண்டு நம் ஊருக்கு வந்துவிடு, வீட்டில் ஒரு கை குறைகிறது என்றான். புருசனின் அண்ணன் செங்கோடன் பதினாறாம் நாள் முடிந்த வாரமே முத்திரைக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து, "சும்மா ஒரு கைநாட்டு வெச்சிரு அம்மிணி, உனக்குத் தொந்தரவு இல்லாம இருக்கும்" என்றார். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அடுப்பு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்புறம் பார்க்கலாமுங்க மாமா" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். 'பாகம் பிரியாத குடும்பம்' என்று அதில் இருந்தது.

ஒன்றுக்கும் ஆகாத காரியத்துக்காக அத்தனை தூரம் வெயிலில் வந்தவர் இவர் ஒருவர்தான். அதனாலேயே அவள் அவரை நம்பினாள்.

"சாவு இல்லாத நாள்ல ஊட்டுக்குள்ள ஒப்பாரி பாடக் கூடாதுங்க" என்றாள். "தோட்டத்துக்கு வாங்க."

மூன்று நாள் வந்தார். தோட்டத்தின் நடுவே ஓடிய கிளுவை வேலியோரம் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் அவர் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொள்வார். சென்னியம்மாள் பத்தடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து பாடுவாள். நடுவில் அத்தாயி. பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கண்ணீரை எப்படி எழுதுவீர்கள் என்று அத்தாயி கேட்டதற்கு, "கண்ணீருக்கு எழுத்து இல்லீங்க, அத்தை" என்றார். அத்தாயிக்கு அது பிடித்துப் போனது. மறுநாள் அவருக்கு மோர் வந்தது.

ராசப்பன் செத்தது கிணற்றில். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பொதுக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தபோது பக்கச் சுவரிலிருந்து பாறை ஒன்று பெயர்ந்து விழுந்தது. செங்கோடன்தான் கயிற்றில் இறங்கித் தம்பியைத் தோளில் தூக்கி வந்தார். அன்று அவர் தலையிலடித்து அழுததில் ஒரு துளி பொய்யில்லை. சென்னியம்மாள் கடைசி வரை அதை மறுத்ததில்லை.

அன்று அவள் பாடிய ஒப்பாரியைத்தான் வேப்பமரத்தடியில் திரும்பப் பாடினாள். அதில் இந்த மூன்று வரி வந்தது.

ஒத்த உலைச் சோறுண்டு ஒரு கெணத்துத் தண்ணி கொண்டு
பத்துக் காடும் பிரியாத பாண்டவரே – இன்னைக்கு
ஆறடியைப் பிரிச்செடுத்து ஆரோட போறீரே.

எழுதிக்கொண்டிருந்த வெங்கடாசலம் பென்சிலை நிறுத்தினார். "அம்மா, நீங்க தனிக் குடித்தனம்னு அத்தை சொன்னாங்களே?"

"ஆமாங்க. பிரிஞ்சு ரெண்டு வருசமாச்சு. நீங்க சாஞ்சு உக்காந்திருக்கற வேலிதான் பாகம் பிரிச்ச வேலி. வடக்கே மாமாது, தெக்கே எங்கது."

அவர் திரும்பி வேலியைப் பார்த்தார். இன்னும் ஆள் உயரத்துக்கு வராத இளம் வேலி.

"அப்பறம் ஏன் பிரியாதன்னு பாடறீங்க?"

"அழுகையில பாகத்தைச் சொல்லக் கூடாதுங்க. உசுரோட இருக்கறப்ப ஆயிரம் பிரிவினை இருக்கும். போறப்ப ஒண்ணா இருந்த ஊட்டுலருந்து போற மாதிரிதான் அனுப்பணும். வெட்டிக்கிட்ட அண்ணன் தம்பியா இருந்தாலும் பாட்டுல பாண்டவருதான்."

"தங்கக் கலப்பைன்னு பாடினீங்களே, அது மாதிரி."

"அதே மாதிரிதானுங்க. அழுகைக்குள்ள போயி நெசத்தைத் தேடாதீங்க. அது வேற எடத்துல இருக்கும்."

அவர் அதையும் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். எழுதுகிற கையை அவள் திரும்பிப் பார்த்தாள்.

பேச்சுவாக்கில் அவருக்கும் ஒரு கவலை இருப்பது தெரிந்தது. காலேஜுக் கமிட்டியார் அவருடைய ஆராய்ச்சியால் நாட்டுக்கு என்ன பயன் என்று எழுதிக் கேட்டிருந்தார்களாம். பயிருக்குப் பூச்சி மருந்து கண்டுபிடிக்கிறவருக்குக் கொடுக்கிற பணத்தைக் கிழவிகள் அழுவதை எழுதுகிறவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மெம்பர் கேட்டாராம்.

"கேட்டதுல தப்பில்லியே" என்றாள் அத்தாயி. "பூச்சி மருந்து நல்லதுதானுங்க."

"நல்லதுதான். ஆனா வானத்து நட்சத்திரத்தை எண்றவனைப் பார்த்து, எண்ணி என்ன கிடைச்சுதுன்னு கேக்கலாமா? பயன் வேணும்னு மொதல்லயே கேட்டா, கேட்டவனுக்கு வேண்டியதைத்தான் கண்டுபிடிப்போம்." சொல்லும்போது அவர் முகம் சிவந்தது. சென்னியம்மாளுக்கு அந்தப் பேச்சு முழுதும் புரியவில்லை. சொன்னவர் யோக்கியமானவர் என்பது புரிந்தது.

மூன்றாம் நாள் கிளம்பும்போது, பாட்டுக்குக் கீழே பாடியவர் பெயரைப் போடலாமா, வேண்டாமா என்று கேட்டார். சில ஊரில் பெண்கள் வேண்டாம் என்கிறார்களாம்.

"போடுங்க" என்றாள். "என்ற பேரு மட்டும் போட்டா ஆருக்குத் தெரியும்? அவிய பேரையும் போடுங்க. ஊரு, அவிய போன தேதி, எல்லாம் போடுங்க."

ராசப்பனின் பெயர் ஒரு கல்லிலும் இல்லை, ஒரு பத்திரத்திலும் இல்லை. புத்தகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாள். ஆசைப்பட்டுத்தான் சொன்னாள். அந்த ஆசை அவளுடையது. அதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த வருடம் ஆனி மாதம் நிலக்கடலை விதைப்புக்கு முன்னால் செங்கோடன் ஆள் விட்டுக் கிளுவை வேலியை வெட்டிப் போட்டார். ஒரே ஏராகத் தோட்டம் முழுக்க உழுதார். சென்னியம்மாள் பொன்னாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி, ஏருக்கு முன்னால் நின்றாள்.

"என்னங்க மாமா இது?"

"என்ற நிலத்தை நான் உழறேன் அம்மிணி. நீயும் கொழந்தையும் சோறு துணிக்குக் கவலைப்படாதீங்க. என்ற ஊட்டுக்காரி ராமாயி ஒரு உருண்டை சேர்த்து உருட்டுவா."

"பாகம் பிரிச்சது பொய்யாங்க?"

செங்கோடன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்தார். "பொட்டப் புள்ள. நாளைக்கு எவனோ ஒருத்தன் கட்டிக்கிட்டுப் போவான். என்ற அப்பன் வெட்டின கெணத்துல எவனோ மாடு கட்டிக் கவலை இறைக்கறதா? என்ற தம்பியே இருந்தாலும் ஒத்துக்க மாட்டான்."

அன்றைய சட்டம் அவர் பக்கம் சாய்வதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும். பாகம் பிரியாத குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாமல் ஒருவன் செத்தால் அவன் பங்கு உயிரோடு இருக்கும் அண்ணனுக்கு. பெண்டாட்டிக்கு வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது கிடைக்கும். பிரிந்த பிறகு செத்திருந்தால் அவள் உயிருள்ள வரை நிலம் அவள் கையில். பிரிந்ததற்குக் காகிதம் கிடையாது. அண்ணன் தம்பிக்குள் எதற்குப் பத்திரம் என்று சொன்னவன் ராசப்பனேதான். நான்கு பேரை வைத்துக்கொண்டு ஏர்ச்சால் ஓட்டி எல்லை போட்டார்கள். நால்வரில் ஊர்ப் பெரியதனக்காரர் செத்துவிட்டார். இரண்டு பேர் ராமாயியின் பிறந்த வீட்டு உறவு. அவர்களுக்குத் திடீரென்று ஞாபகம் போய்விட்டது. மீதி இருந்தவன் அன்று ஏர் பிடித்த காத்தான் ஒருவன்தான்.

சின்னுசாமி மாட்டை விற்று வக்கீல் வைத்தான். வழக்கு கோர்ட்டில் தூங்கியும் விழித்தும் ஒரு வருடம் ஓடியது.

அடுத்த ஆடியில் வெங்கடாசலம் மறுபடி வந்தார். புதுச் சட்டை, புதுக் கைக்கடிகாரம். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, கதவோரம் வைத்து, தள்ளி நின்றார். நீல அட்டை, நானூறு பக்கம். சென்னியம்மாள் எடுத்துப் பிரித்தாள். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் அவள் பாட்டு இருந்தது. கீழே சிறிய எழுத்தில்: 'பாடியவர்: கிளுவங்காடு சென்னியம்மாள். 1933 ஐப்பசி 12இல் இறந்த தம் கணவர் ராசப்பன் மீது பாடியது.' அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"படிப்பீங்களா அம்மா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"கொஞ்சமுங்க."

அத்தாயி குறுக்கே விழுந்து வழக்கு விஷயம் முழுவதையும் கொட்டினாள். வேலி வெட்டியது, சாட்சிகள் மறந்தது, ராமாயி கிணற்றடியில் பேசிய பேச்சு, எல்லாம். கேட்கக் கேட்க வெங்கடாசலத்துக்கு முகம் வாடியது.

"நான் அந்த வேலியோரம் மூணு நாள் உக்காந்திருந்தேனே" என்றார். "அது பாகம் பிரிச்ச வேலின்னு நீங்க சொல்லி நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். கோர்ட்டுக்குக் கூப்பிடுங்க. நான் வந்து சொல்றேன்."

"நெசமாங்களா?"

"நெசமா."

அவர் போன பிறகு அத்தாயி, "ஒண்ணுக்கும் ஆகாத பாட்டு கடைசில காட்டை மீட்டுக் குடுக்கும் போல இருக்குதே!" என்று கை தட்டினாள்.

மறுநாள் பகலில் சென்னியம்மாள் புத்தகத்தை முதலிலிருந்து படித்தாள். முன்னுரைக்குப் பிறகு ஒரு பகுதி, 'இந்நூலின் பயன்' என்று. கமிட்டியாருக்கும் பணம் உதவிய பிரபுக்களுக்கும் நன்றி சொல்லிவிட்டு அது இப்படிப் போனது: 'இத்தகைய ஆராய்ச்சியால் யாது பயன் என்று கேட்பார் உளர். துயரத்தின் உச்சியில் நிற்கும் பெண் பொய் உரையாள். ஆதலின் குடும்பச் சொத்து, பாகம், சீர் ஆகியவை பற்றி இப்பாடல்களில் வரும் செய்திகள் பத்திரங்களினும் நம்பத் தக்கன. நீதிமன்றத்தாருக்கும் ரெவினியூ உத்தியோகஸ்தருக்கும் இந்நூல் பெரிதும் பயன்படும்.' புத்தகத்தின் கடைசியில் இரண்டு பட்டியல். ஒன்று கற்பனை, மற்றது செய்தி. தங்கக் கலப்பை கற்பனைப் பட்டியலில் இருந்தது. 'பத்துக் காடும் பிரியாத' என்பது செய்திப் பட்டியலில்.

ஓடிப்போய் அத்தாயியிடம் படித்துக் காட்டினாள்.

"அவரு அப்பிடி எழுதியிருக்க மாட்டாரு அம்மிணி. நீ எழுத்துக் கூட்டறதுல என்னமோ தப்பு" என்றாள் அத்தாயி. "அத்தனை தெளிவா சொன்னியே. அவரும் தலையை ஆட்டி எழுதினாரே."

அச்சுக்காரன் மாற்றிக் கோத்திருப்பான் என்று சென்னியம்மாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வந்து சொல்கிறேன் என்றாரே.

விசாரணை நாளன்று கோர்ட்டு மரத்தடியில் அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பாதிப் பாரம் இறங்கியது. தான் கூப்பிடும் முன்பே வந்துவிட்டாரே என்று நினைத்தாள். அவர் செங்கோடனின் வக்கீல் குமாஸ்தாவோடு நின்றுகொண்டிருந்தார். இவளைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் காத்தான் கூண்டேறினான்.

"நீ யாருடைய பண்ணையாள்?" என்றார் செங்கோடனின் வக்கீல்.

"ரெண்டு பேருக்குமுங்க சாமி. பாகம் பிரிச்சப்ப என்னையும் பிரிச்சாங்க. திங்க, செவ்வா, புதன் பெரியவருக்கு. வேசாழன், வெள்ளி, சனி சின்னவருக்கு."

"ஞாயிற்றுக்கிழமை?"

"அன்னைக்கு நான் என்ற ஊட்டுக்காரிக்குங்க."

கோர்ட்டே சிரித்தது. முனிசீப்பும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வழக்கு தன் பக்கம் நகர்வதை சென்னியம்மாள் உணர்ந்தாள். ஆளைக்கூடப் பங்கு போட்ட பிறகு நிலத்தைப் பங்கு போடவில்லை என்று யார் சொல்ல முடியும்?

அடுத்து வெங்கடாசலம். கூப்பிட்டது செங்கோடனின் வக்கீல். நீலப் புத்தகம் மேசைக்கு வந்தது. இது உங்கள் நூலா, இந்தப் பாட்டை வாதியே பாடினாரா, நீங்களே கேட்டு எழுதினீர்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆமாம், ஆமாம், ஆமாம். பிறகு வக்கீல் 'இந்நூலின் பயன்' முழுவதையும் மேடையில் பிரசங்கம் செய்கிற மாதிரி படித்தார். அதன் பின் அந்த மூன்று வரியை. 'இன்னைக்கு' என்ற சொல்லில் நிறுத்தி, "செத்த அன்றைக்குத்தான், யுவர் ஆனர், முதன்முதலாகப் பிரிந்திருக்கிறார்கள். அதுவும் ஆறடி" என்றார்.

சென்னியம்மாளின் வக்கீல் எழுந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் கேலிப் பேர்வழி.

"பண்டிதரே, இதே பாட்டில் தங்கக் கலப்பை வருகிறது. அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது? அதையும் வழக்கில் சேர்க்கலாம் என்று பார்க்கிறேன்."

சிரிப்பு. வெங்கடாசலம் சிரிக்கவில்லை. "அது கற்பனை. கற்பனைப் பட்டியலில் இருக்கிறது."

"எது கற்பனை, எது செய்தி என்று பிரித்தது யார்?"

"நான்தான்."

"எதை வைத்து?"

"நடக்கக் கூடியதாக இருந்தால் செய்தி. தங்கக் கலப்பை இருக்க முடியாது. பிரியாத அண்ணன் தம்பி இருக்க முடியும்."

"ஒப்பாரியில் எல்லா அண்ணன் தம்பியையும் பிரியாதவர் என்றுதான் பாடுவார்கள், அது ஒரு வழக்கம் என்று வாதி உங்களிடம் சொன்னாரா, இல்லையா?"

அவர் பதில் சொல்ல நேரமானது. எவ்வளவு நேரம் என்று சென்னியம்மாளால் சொல்ல முடியாது. அந்த நேரம் முழுவதும் அவள் அவர் வாயையே பார்த்திருந்தாள். அந்த வாயிலிருந்து வர வேண்டியது ஒரே ஒரு சொல். 'சொன்னார்.' அதைச் சொன்னால் நானூறு பக்கப் புத்தகத்தின் செய்திப் பட்டியலும் கற்பனையாகிவிடும் என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"பேச்சுவாக்கில் பலதும் சொன்னார்கள்" என்றார். "பாட்டில் வந்ததை மட்டும் எடுத்துக்கொள்வது என் ஆராய்ச்சி முறை."

"தோட்டத்தின் நடுவே வேலி இருந்ததா?"

"வேலி இருந்தது. அது எதற்கான வேலி என்று நான் ஆராயவில்லை."

"ஏனுங்க!" என்று பின்னாலிருந்து அத்தாயி கத்தினாள். "மோரு குடிச்ச வாயிதானா அது?"

சேவகன் அவளை வெளியே கொண்டுபோய் விட்டான்.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கூலியாளின் வாய்மொழியைவிட, வழக்கு எண்ணம் எழுவதற்கு முன்பே, துயரத்தில், வாதியே பாடிய பாட்டு நம்பத் தக்கது என்று முனிசீப் எழுதியிருந்தார். நிலம் செங்கோடனுக்கு. அவளுக்கு ஜீவனாம்சமும் குடியிருக்க மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையும். அப்பீலுக்குப் போக சின்னுசாமியிடம் விற்பதற்கு இன்னொரு ஜோடி மாடு இல்லை.

தீர்ப்பன்று வெங்கடாசலமும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. சின்னுசாமி இரவல் மாட்டை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நடந்து வந்தார்.

"அம்மா, நான் பொய் சொல்லலை."

"இல்லீங்க" என்றாள். "நீங்க ஒரு பொய்கூடச் சொல்லலை."

"அந்தப் பட்டியல் இல்லேன்னா புத்தகமே வந்திருக்காது. பயனைக் காட்டு, பயனைக் காட்டுன்னு ரெண்டு வருசம் அலைக்கழிச்சாங்க. பன்னண்டு வருசப் பாட்டு, ஆறு ஜில்லா, எல்லாம் செல்லரிச்சுப் போயிருக்கும். உங்க ஊட்டுக்காரர் பேரும் சேர்ந்து. ஏதோ ஒண்ணு எழுதணும்னு எழுதினேன். ஒரு வக்கீல் எடுத்துப் படிப்பான்னு நான் கண்டேனா?"

"அது சரிங்க. எழுதினப்ப தெரியலை. கூண்டுல நின்னப்ப தெரிஞ்சுதல்லோ?"

அவர் குடையின் கைப்பிடியைத் திருகினார். "அடுத்த மாசம் கமிட்டி கூடுது. வேலையை நிரந்தரம் பண்ற விசயம். நானே என்ற புத்தகத்தை நம்பக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டு அங்க போய் எப்படி நிக்கறது?" பிறகு அவசரமாக, ஆறுதல் சொல்கிறவர் போல, "மறுபதிப்பு வரும்போது அந்த வரியைக் கற்பனைப் பட்டியலுக்கு மாத்திடறேன். கட்டாயமா மாத்திடறேன்" என்றார்.

சின்னுசாமி சாட்டையை ஓங்கினான். மாட்டை ஓட்டவா, மனிதரை அடிக்கவா என்று தெரியாத ஓங்கல். சென்னியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொத நாளு வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னீங்க. இதனால ஆருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லைன்னு. அதை நம்பித்தானுங்க வாயைத் தொறந்தேன். உபயோகப்படும்னு சொல்லியிருந்தா, ஆருக்குன்னு கேட்டிருப்பேன்."

வண்டி நகர்ந்தது. அவர் அங்கேயே நின்றார். வழி நெடுக அத்தாயி அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். கேட்பதற்கு சென்னியம்மாளுக்கு நன்றாக இருந்தது. ஆனால் செங்கோடன் மேல் வந்த கோபம்போல ஒரு கோபம் இந்த ஆள் மேல் வரவில்லையே என்று யோசித்தாள். செங்கோடன் ஆரம்பத்திலேயே முத்திரைக் காகிதத்தோடு வந்தார். என்ன வேண்டும் என்று மறைக்கவில்லை. இவர் ஒன்றும் வேண்டாம் என்று வந்து, மூன்று நாள் உட்கார்ந்து, அவள் யாருக்கும் காட்டாத இடத்தை நோட்டில் எழுதிக்கொண்டு போனார். வரும்போது அது நிஜம்தான். அவருடைய ஆசையும் நிஜம்தான். அந்த ஆசையைக் காப்பாற்றுவதற்காகவே அதை விற்றார். இதை எந்தச் சொல்லால் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த தையில் கீழத்தெரு ரங்கன் செத்தான். அவனும் தம்பியும் பிரிந்தவர்கள். அவர்களிடமும் காகிதம் இல்லை. ஊரே கூடியது. ரங்கன் பெண்டாட்டி ராசம்மாள் மாரில் அடித்துக்கொண்டு எழுந்தாள். பெண்கள் வட்டம் கட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டில்தான் தொடங்கினாள். ஆனால் அவள் பாடியது: கிழக்கே சின்னான் காடு, மேற்கே வண்டித் தடம், வடக்கே நடுக்கல், தெற்கே கொழுந்தன் வேலி, இதற்குள்ளே அடங்கிய பூமி என் ராசாவே என்று. நான்கு எல்லையையும் மூன்று தரம் திருப்பிப் பாடினாள். பந்தலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டி, கவனமாகக் கேட்டார்கள். ரங்கனின் தம்பி எழுந்து, "நடுக்கல்லுன்னா எந்தக் கல்லு? தெளிவாப் பாடச் சொல்லுங்க" என்றான்.

ஒருவரும் அழவில்லை. ராசம்மாளும் அழவில்லை. ஒரு சொல் தவறிவிடக் கூடாதே என்ற பயம்தான் அவள் முகத்தில் இருந்தது.

உறவுமுறைப்படி அடுத்துப் பாட வேண்டியவள் சென்னியம்மாள். முன்பெல்லாம் அவள் வாய் திறந்தால் ஆண்களும் துண்டை முகத்தில் வைப்பார்கள். அத்தாயி அவள் தோளைத் தொட்டாள்.

"பாடு அம்மிணி. நாலு வரி. செத்தவன் அழுகையில்லாமப் போகக் கூடாது."

சென்னியம்மாள் ராசம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாய் திறந்தது. முதல் சொல் நாக்கு வரை வந்தது. அது பொய்யா மெய்யா, இதை யார் கேட்கிறார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்று உள்ளுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தது. ராசப்பனுக்காக அழுத அன்று அப்படி ஒன்று அவளுக்குள் இருக்கவில்லை.

"வரலீங்க அத்தை" என்றாள்.

ராசம்மாளின் கலைந்த தலைமுடியை வாரி முடிந்து விட்டாள். அவள் தோளை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, பிணத்தைத் தூக்குகிற வரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.